எதைப் பார்த்து என்று கேட்கிறவர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைக் கடைக்குச் சாமான் எழுதிக் கொடுத்ததோடு சரி, இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பின்னால் நடந்ததை முன்னால் சொல்வேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. அது மறதியால் அல்ல. அவரைக் கேட்காமல் அச்சில் போட்டால், "யாரக் கேட்டுப் போட்டீங்க?" என்று வந்து நிற்பார் என்று எனக்குப் பயம்.

அவர் அப்படிக் கேட்டால் சண்டை மாதிரி இருக்காது. சின்னப் பிள்ளை, நிலா ஏன் கூடவே வருது என்று கேட்குமே, அந்த மாதிரி இருக்கும். அதனால்தான் யாருக்கும் அவர்மேல் கோபிக்க வரவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கத்தான் வந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீசில் நான் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் இரண்டு அறை. முடியாமல் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குப் பெண்களை அனுப்புகிற கம்பெனி அது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். தாயோ தகப்பனோ சிதம்பரத்திலோ கடலூரிலோ தனியாகக் கிடப்பார்கள். குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க, பிடித்து நடக்க வைக்க ஆள் வேண்டும். அந்த ஆளை இந்தக் கம்பெனி அனுப்பும். பெரிய ஆபீஸ் சென்னையில். எந்தப் பெண் எந்த வீட்டுக்கு என்பதை எங்கள் மேனேஜர் முடிவு செய்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேசைமேல் கம்ப்யூட்டர் இருந்தது, அதன் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

பெயர் எழுத மாட்டேன் என்றேனே, அந்த அம்மா சிதம்பரத்திலிருந்து தினமும் காலை ரயிலில் திருப்பாதிரிப்புலியூர் வந்து இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நல்ல உடம்பு. மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. தலைமேல் இருப்பதை மறந்துவிட்டுப் பையில் தேடுவார்.

வந்த முதல் நாள் நான் டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதுல சக்கர ரொம்பக் கம்மி. யாரு முடிவு பண்ணா?"

நான் கதவுப் பக்கம் ஒதுங்கிவிட்டேன். புது ஆள் முன்னால் எனக்கு வாய் வராது.

"எதப் பாத்து முடிவு பண்ணீங்கன்னுதான் கேக்கறேன். கோவமில்ல."

என்ன சொல்வது? அவர் உடம்பைப் பார்த்துத்தான் சர்க்கரை நோய் இருக்கும் என்று நான் குறைத்துப் போட்டேன். வாயால் சொல்லாமல் அவரைக் கையால் காட்டினேன். மேனேஜர் சிரித்துவிட்டார். "பெரிம்மா ஸ்கேன் பண்ணிட்டாங்க மேடம்," என்றார்.

அந்த அம்மாவும் சிரித்தார். "இருக்கு அக்கா, சுகர் இருக்கு. சரியாத்தான் பாத்துருக்கீங்க. ஆனா நாளைக்கு என்ன மாதிரியே கனமா ஒருத்தர் வருவாரு. அவருக்கு சுகர் இருக்காது. பாவம், சப்புனு டீயக் குடிச்சுட்டு, ஏன்னு தெரியாமலே போயிடுவாரு. ஒரு வார்த்த கேட்டுருங்க."

அன்றிலிருந்து நான் எல்லோரையும் கேட்டுத்தான் சர்க்கரை போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டேன்.

அவருடைய வேலை என்ன என்று எனக்கு விளங்க நாளானது. ஒரு ஆளைப் பற்றிய விவரங்களை வாங்கி வைக்கிற கம்பெனி எதுவானாலும், என்ன வாங்கி வைக்கிறோம், எதற்கு வைக்கிறோம் என்று அந்த ஆளிடமே சொல்லியாக வேண்டுமாம். முடிவை மனிதர் எடுக்காமல் மெஷின் எடுத்தால் அதையும் சொல்ல வேண்டுமாம். இதில் ஒன்று நம் நாட்டுச் சட்டம், இன்னொன்று பணம் கட்டுகிற பிள்ளைகள் இருக்கிற நாட்டுச் சட்டம் என்றார். எது எந்த நாட்டுடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கம்பெனி அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த அம்மாவின் வேலை.

எந்தப் பெண் எந்த வீட்டுக்கு என்பதை மேனேஜர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காலையில் அது பெயரைக் காட்டும். யார் பெயர் வந்ததோ அந்தப் பெண்ணின் போனுக்குத் தகவல் போகும். மேனேஜர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்.

சென்னையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது, சேருகிற பெண்களிடம் படித்துக் காட்டச் சொல்லி. தமிழ்தான். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்து நின்று அதை எனக்கு முழுசாகப் படித்தார்.

"என்னாக்கா வெளங்குச்சு?"

"ஏதோ நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதத்தான் பயந்தேன். எத ஒண்ணு வெளங்கலியோ அத நல்லதுக்குன்னு நெனச்சுக்கறோம் நம்ம."

உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினார். மறுபடி எனக்குப் படித்தார். எனக்கு வேலை ஓடவில்லை. "தூரம்" என்று போட்டிருக்கிறீர்களே, எங்கிருந்து எங்கே தூரம் என்றேன். அவர் அதைத் திருத்தினார். கடைசியில் நோட்டீஸ் இவ்வளவுதான்: உங்களுக்கு எந்த வீட்டில் வேலை என்பதை ஆள் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அது மூன்றைப் பார்க்கிறது. உங்கள் வயது, எத்தனை வருஷம் இந்த வேலை செய்தீர்கள், உங்கள் வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் எவ்வளவு தூரம். முடிவு பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், ஒரு ஆள் திரும்பப் பார்ப்பார்.

இதை ஆபீஸ் சுவரில் ஒட்டினார். புதிதாகச் சேரவந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தானே வாயால் படித்துச் சொன்னார். ஏற்கெனவே இருந்தவர்களையும் வரச்சொல்லிப் படித்துக் காட்டினார்.

ஒரு தடவை ஆபீஸ் விஷயமாகச் சிதம்பரத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். ஒரு நோயாளி வீட்டில் பழைய ஆள் நின்றுவிட்டாள், புது ஆள் வரும் வரைக்கும் ஒரு நாள் நான் துணைக்கு இருக்க வேண்டும். வேலை முடிந்து கோயிலுக்குப் போனோம். கீழவீதி வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவன் எங்கள் செருப்பை வாங்கி நடுத்தட்டில் வைத்தான். இவர் போக வேண்டியதுதானே? நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, எங்களுது ஏன் நடுவுல? அவுங்களுது ஏன் முன்னாடி?"

அவன் பயந்துபோய், "பத்திரமா இருக்கும்மா," என்றான்.

"அது தெரியும்பா. எதப் பாத்து வெக்கற?"

அவனுக்கு அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்தான். அப்புறம் முகம் மலர்ந்துவிட்டது. "அழுவற கொழந்தயோட வர்றவுங்க சீக்கிரம் திரும்பிடுவாங்க. அவுங்களுது முன்னாடி. புதுப் பொண்ணு மாப்ள பிரகாரத்தச் சுத்திக்கினே இருப்பாங்க, அவுங்களுது கடைசி. உங்கள மாதிரி ரெண்டு லேடீஸ் வந்தா பேசிக்கிட்டே சுத்துவீங்க, ஆனா பஸ்ஸுக்குப் போவணும்னு வந்துடுவீங்க. நடு."

அதற்கப்புறம் அந்த அம்மாவுக்கு அதே பேச்சு. "பாத்தீங்களாக்கா? கேட்டா எல்லார்கிட்டயும் ஒரு கணக்கு இருக்கு."

"அப்போ அவனும் நோட்டீஸ் ஒட்டணுமா?" என்றேன். அதற்குள் அவரிடம் எனக்குக் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது.

"வேணாம். அவன் தப்பாக் கணக்குப் போட்டா நமக்கு ரெண்டு நிமிஷம் லேட்டாவும். அவ்ளோதான். நம்ம ஆபீஸ் மெஷின் தப்பாப் போட்டா ஒரு வூட்டுல அடுப்பு எரியாது. ரெண்டும் ஒண்ணா?"

ஆபீசில் ஒரு வேலை பாக்கி என்று அவரும் என்னோடு கடலூருக்குத் திரும்பினார். பஸ்ஸில் நான் கேட்டேன், ஏன் இப்படி எல்லாவற்றையும் கேட்கிறீர்கள் என்று. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சின்ன வயதில் தன்னைப் பெண் பார்க்க நாலைந்து வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போனதாகவும், ஒருத்தர்கூட வேண்டாம் என்றோ ஏன் என்றோ சொல்லி அனுப்பவில்லை என்றும் சொன்னார். "அதனாலதானாம்மா?" என்றேன்.

"சேச்சே. அதுக்கு முன்னாடியே இப்படித்தான். மூணாங்கிளாஸ்ல, மானிட்டர எதப் பாத்து எடுத்தீங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டு முட்டி போட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்புவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. சென்னையில் வேறு கம்பெனி என்று மேனேஜர் சொன்னார். அங்கேயும் யாராவது முழித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது அஞ்சலாட்சி விஷயம். அதற்குள் எங்கெங்கேயோ போய்விட்டேன்.

அஞ்சலாட்சி தேவனாம்பட்டினத்துக்காரி. புருஷன் படகில் போகிறவர். இவள் எங்கள் கம்பெனி மூலமாக மஞ்சக்குப்பத்தில் ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவை மகன் தன்னோடு கூட்டிப்போய்விட்டார். அதற்கப்புறம் அஞ்சலாட்சிக்கு வேலையே வரவில்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவளுக்கெல்லாம் வந்தது. ஒரு நாள் மாடி ஏறி வந்துவிட்டாள். வரும்போதே குரல் வந்தது.

"ஏன்யா, நான் இன்னா தப்பு பண்ணேன்? எதுக்கு என்ன ஓரங்கட்டற?"

மேனேஜர் நல்ல பிள்ளைதான், முப்பது வயதிருக்கும். கையை விரித்தார். "அக்கா, நான் ஒண்ணும் பண்ணல. சிஸ்டம் எடுக்கல."

"சிஸ்டம்னா யாரு?"

"யாருமில்ல. கம்ப்யூட்டரு."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவள் நிறையச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதை எந்தப் பக்கம் கொட்டுவது என்று தெரியவில்லை. "இதப் போயி நான் இன்னான்னு திட்டறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் டீ கொடுத்தேன். அவளுக்குச் சர்க்கரை நிறைய வேண்டும்.

அவள் மாதக் கடைசிவரை இப்படியே இருந்தால் மெஷினே அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், பிறகு பெயரே இருக்காது என்றார் மேனேஜர். அதையும் அது தானாகச் செய்யுமாம். கடலில் மீன் கம்மியாக இருந்த நேரம். இவள் வேலையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். "வயசு சரியா இருக்கு. அனுபவம் இருக்கு. தூரம்னா, இவுங்க வூட்டுக்குக் கிட்டத்துலயே ரெண்டு வேல வந்துச்சு, அது இவுங்களுக்குக் குடுக்கல. அப்புறம் எதப் பாத்து இவங்கள விட்டுச்சு?" என்று தனக்குத்தானே கேட்டார். போனை எடுத்து சென்னையைக் கூப்பிட்டார்.

சென்னையில் ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். அவர் பெங்களூரில் ஒருவரைக் கேட்கச் சொன்னார். இவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், அதே மெல்லிய குரலில். சாப்பிடும்போதும் போன் காதில்தான். கடைசியில் யாரோ ஒரு பையன் சொல்லிவிட்டான். மெஷின் இப்போது நாலாவதாக ஒன்றையும் பார்க்கிறதாம். தகவல் போனதும் எவ்வளவு சீக்கிரம் போனில் 'சரி' என்று அழுத்துகிறார்கள் என்று பார்க்கிறதாம். லேட்டாக அழுத்துகிறவர்களை வேலையில் அக்கறை இல்லாதவர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்கிறதாம். போன வருஷமே சேர்த்துவிட்டார்களாம். இங்கே சொல்ல மறந்துவிட்டார்களாம்.

அஞ்சலாட்சி வீட்டில் ஒரே போன். புருஷன் விடியுமுன் அதை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறார். காற்று எப்படி, கரையில் யார் என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்க அவருக்கு அது வேண்டும். படகு திரும்புகிற வரைக்கும் போனும் கடலில்தான். எங்கள் மெஷின் தகவல் அனுப்புவது காலையில்.

அந்த அம்மா அன்றைக்கு என் டீ ரூமுக்கு வந்து, கவிழ்த்துப்போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"மூணுன்னு படிச்சுக் காட்டினேனே அக்கா. எல்லார்கிட்டயும் வாயால சொன்னேனே."

"உங்களுக்குத் தெரியாதில்லம்மா."

"எனக்குத் தெரியாதுன்னு அவுங்களுக்குத் தெரியாதில்ல?"

சென்னையில் அவர்கள் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டீசில் ஒரு வரி சேர்த்து எல்லோர் போனுக்கும் அனுப்பிவிடுகிறோம், சட்டப்படி சரியாகிவிடும் என்றார்கள். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அந்த நோட்டீஸ் எங்க போவும்?" என்று கேட்டார் இவர்.

"அவுங்க போனுக்குதான் மேடம்."

"போன் கடல்ல இருக்கு சார்."

"இன்னொண்ணு சார். முடிவு புடிக்கலன்னா ஒரு ஆள் திரும்பப் பாப்பாருன்னு போட்டிருக்கோமே. அந்த ஆள் யாரு?"

"அது… வழக்கமா போடற லைன் மேடம். எல்லாக் கம்பெனியும் போடறதுதான்."

"நான் படிச்சுக் காட்டிட்டேன் சார். ஆள் வேணும்."

மறுநாளிலிருந்து அவர் ஊர் ஊராகக் கிளம்பினார். எந்த உத்தரவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நேரில் போய்ச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டார். வழி காட்ட என்னைக் கூப்பிட்டார். எனக்குப் புது வீட்டுக்குள் போவதென்றால் கூச்சம். வாசலில் நின்றுகொள்கிறேன் என்ற பேச்சின் மேல் போனேன்.

குடிகாட்டில் அன்றைக்குக் காற்று கெமிக்கல் ஃபேக்டரிப் பக்கமிருந்து அடித்தது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே இவர் விளக்கிச் சொல்ல, அந்தப் பெண் ரோஸ்மேரி துணி அலசிக்கொண்டே கேட்டாள். "மெஷின் பாத்தா இன்னா, மனுசன் பாத்தா இன்னா மேடம்? வேல வந்தா சரி. ஆனா போன இனிமே இடுப்புலயே கட்டிக்கறேன்." அவ்வளவுதான். அடுத்த துணியை எடுத்துவிட்டாள்.

அண்ணாகிராமத்தில் முந்திரிக் காலம். ஒரு கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண் ஒருத்தி கையெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கொட்டையின் பால் பட்டால் கை வெந்துபோகும் என்று. வேலை வராத நாட்களில் இதற்கு வந்துவிடுவாளாம். இவர் சொல்லி முடித்ததும் அவளுக்கு வந்ததே கோபம்.

"இந்தக் கைய வெச்சுக்கினு நான் போன எப்படித் தொடுவேன்? நீதான மொதல்ல மூணுன்ன. இப்போ நாலுங்கற. நாளைக்கு அஞ்சும்ப!"

"சொல்லுவேன்மா. அஞ்சாச்சுன்னா அஞ்சுன்னு வந்து சொல்லுவேன்."

"வந்து சொல்லி? எனக்குப் போன வேல வருமா?"

இவர் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, "உடு, அவுங்களாவது வந்தாங்களே," என்றாள். கோபக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஒரு வார்த்தைக்காக இவ்வளவு தூரம் போகிறவர் இன்னும் எங்கே போவாரோ என்று.

ஆபீசுக்கு வந்ததும் மேனேஜரிடம் போனார். "தம்பி, திரும்பப் பாக்கற ஆளு நீங்கதான். சென்னையில ஒத்துக்கிட்டாங்க."

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், வேணாம் மேடம். நான் உள்ளூர்க்காரன். மார்க்கெட்டுக்குப் போவணும், தியேட்டருக்குப் போவணும். எல்லாரும் என் சட்டையப் புடிப்பாங்க."

"புடிக்கட்டும் தம்பி. சட்டன்னு ஒண்ணு இருந்தாதான புடிக்க முடியும். கம்ப்யூட்டருக்கு ஏது சட்ட?"

மேனேஜர் திரும்ப உட்கார்ந்தார். அஞ்சலாட்சி பெயரைத்தான் முதலில் எடுத்தார். அன்றைக்குக் கடலூர் முதுநகரில் ஒரு வீட்டுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மெஷின் காட்டியது வேறு பெயர். மேனேஜர் அந்த வீட்டுக்குப் போன் போட்டுப் பேசினார், எங்கள் பெண்கள் முன்பு வேலை செய்த வீடுகளில் அவர்களைப் பற்றி விசாரித்தார். மெஷின் ஒரு நொடியில் செய்ததை அவர் மத்தியானம் சாப்பிடாமல் செய்தார். மாதக் கடைசியில் மெஷின் அஞ்சலாட்சியை எடுத்துவிடாதபடி அவள் பெயரைப் பட்டியலில் இருக்கச் செய்தார். ஆனால் அந்த வேலையை அவளுக்குக் கொடுக்கவில்லை. முதுநகரிலேயே இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். அந்த வீட்டுப் பெரியவருக்குச் சாயங்காலமும் ஒரு தடவை வந்து இன்சுலின் போட வேண்டும், இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்குத்தான் அது முடியும் என்றார்.

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இவ்வளவு அலைந்தது இதற்கா? அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் ஏமாற்றம்தான், தெரிந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு. "காரணம் இருக்கா?"

"இருக்கு மேடம். சொன்னேனே."

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? வாங்க போவோம்."

மூன்று பேரும் ஆட்டோவில் தேவனாம்பட்டினம் போனோம். மேனேஜர் ஆபீஸ் ஷூவோடு மணலில் இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் ஷூவை உதறிக்கொண்டு வந்தார். சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று அஞ்சலாட்சியுடையது. வாசலில் அவள் புருஷன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளேயிருந்து வந்தாள். போன் விஷயத்தை அந்த அம்மா சொன்னதும் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டியா மாமா? நீ பேசிக்கினு இருந்த போனாலதான் எனக்கு வேல பூட்ச்சு. இத மொதல்லயே சொல்லியிருந்தா பக்கத்து வூட்டு நம்பரக் குடுத்திருக்க மாட்டனா?"

அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முதுநகர் வேல ஒண்ணு வந்துச்சு," என்றார் மேனேஜர். "அது உங்களுக்கு இல்லக்கா."

"மறுபடியுமா? இந்தத் தடவ யாரு எனக்கு வேணாம்னது? அதே டப்பாவா?"

மேனேஜர் அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், உதவி செய்யவில்லை. மேனேஜருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"இல்லக்கா," என்றார். "நான்தான்."

ஏன் என்றும் சொன்னார். சாயங்கால இன்சுலின், இரண்டு தெரு, எல்லாவற்றையும். அஞ்சலாட்சி முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

அப்புறம் ஆரம்பித்தாள். எனக்கு அதையெல்லாம் எழுத வராது. இத்தனை நாள் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்தது அவ்வளவும் வந்தது. ஷூ போட்டவனுக்குப் பசி எப்படித் தெரியும் என்றாள். சாயங்காலம் என்னால் ஏன் முதுநகர் போக முடியாது, கேட்டாயா என்றாள். வலை இழுக்கிற கை, எண்பது கிலோ ஆளை ஒண்டியாகத் தூக்கி உட்கார வைப்பேன், அதை உன் கணக்கில் எங்கே வைத்தாய் என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருத்தி, "நல்லாக் கேளு அஞ்சலாட்சி!" என்று எடுத்துக்கொடுத்தாள். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா, சரிக்கா," என்றுகொண்டே நின்றார். ஆனால் ஓடவில்லை. கடைசியில் மெதுவாக, "தூக்குவீங்கங்கறது எனக்குத் தெரியாதுக்கா. சிதம்பரத்துல ஒரு பெரியவர் இருக்காரு, கனமான ஆளு. பொம்பளைங்களால முடியலன்னு ரெண்டு பேரு நின்னுட்டாங்க. கேட்டுப் பாக்கறேன்," என்றார்.

அவள் மூச்சு வாங்கினாள். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள் அழப்போகிறாள் என்று தோன்றியது. ஆனால் முகம் கழுவிவிட்டது மாதிரிதான் இருந்தது.

"வேல இல்லன்னு சொல்றதுக்கு வூடு தேடி வந்தது நீதான்யா மொத ஆளு," என்றாள். "வெய்யில்ல நிக்காத. உள்ள வந்து உக்காரு தம்பி. வஞ்சிரம் வறுக்கறேன்."

மேனேஜர் ஷூவைக் கழற்றினார்.

அஞ்சலாட்சி அந்தச் சிதம்பரம் பெரியவர் வீட்டுக்குத்தான் பிறகு போனாள், பக்கத்து வீட்டு நம்பரில் தகவல் வந்தது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள் என்றுதான் கேள்வி.

இதில் சட்டத்தைப் பற்றி நான் எழுதியிருக்கிற இடம் தப்பாக இருக்கலாம். குடிகாட்டுக்கு முதலில் போனோமா அண்ணாகிராமத்துக்கா என்பதும் நிச்சயமில்லை. அந்த ஆபீசில் இருந்தவர்களோ, விவரம் தெரிந்தவர்களோ யாராவது பார்த்துச் சரிசெய்து கொடுத்தால் புண்ணியம். அஞ்சலாட்சி திட்டினதை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் பாதிக்குப் பாதி குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.